துரை தின்னாத விண்ணப்பம்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதற்கு வாசலில் காத்திருந்தது நாங்கள் இரண்டே பேர். திசையன்விளையிலிருந்து வாலிபால் சான்றிதழோடு வந்த நான், காங்கயத்துப் பக்கமிருந்து வந்த செங்கோட்டுவேல்.

"வாலிபாலுங்களா அம்மிணி? அடப் பாவமே! பேசாம வேற காலேஜு பாத்துக்கோங்க. நான் நடை பழகறதுக்கு முன்னாடியே மாட்டுக் கண்காட்சியில காளையப் புடிச்சுட்டு நின்னவனுங்க."

"நடக்கத் தெரியாம எப்படி நின்னிய?"

"காளை என்னப் புடிச்சுட்டு நின்னுச்சுங்க. குறுக்க பேசாதீங்க. எங்க துரை இருக்கறானே, மயிலைக் காளை, அவனத் தேச்சுக் குளிப்பாட்டிக் கொண்டுபோனா கண்ணாடி தோத்துப் போகும். போன வருசம் நடுவரு அவன் முதுகப் பாத்துத் தலை சீவி, மீசைய முறுக்கிட்டு, அப்பறந்தான் மார்க்கே போட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் என் சான்றிதழை இன்னொரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். இந்த சீட்டை விட்டால் அப்பா என்னை டைப்பிங் கிளாசில் தள்ளிவிடுவார்.

"ஓட்டத்துக்கு வாரேன். ஒருநா துரை கயித்த அத்துக்கிட்டான். நான் பின்னாலயே ஓடறேன். ஈரோட்டு பஸ்ஸத் தாண்டிட்டோம். டிரைவரு கையக் காட்டி, 'வழி விடுங்கப்பா'ன்னு கெஞ்சறாரு! அப்படியே மாவட்டப் போட்டி நடக்கற மைதானத்துக்குள்ள பூந்துட்டோம். துரை மொதல்ல, நான் ரெண்டாவது."

"மத்தவங்க?"

"எல்லாரும் மரத்து மேல இருந்தாங்க."

"பொய்யி!"

"கபடியக் கேட்டா என்ன சொல்லுவீங்க? துரை ரைடு போனான். ஏழு பேரு வாலப் புடிச்சுட்டாங்க. அவன் கோட்டத் தொட்டதோட நின்னானா? ஏழு பேரையும் இழுத்துட்டு வெள்ளகோயிலுக்கே போயிட்டான். அந்த ஏழு பேருக்கும் அங்கயே பொண்ணு பாத்துக் கல்யாணமும் ஆயிருச்சு. பந்தியில நான்தான் ரசம் ஊத்துனேன்.

"அப்பறம் காலேஜுக்காரங்க சும்மா விடுவாங்களா? கட்டுத்தறி வரைக்கும் வரிசை. எந்தக் காலேஜுன்னு தெரியாம எல்லா விண்ணப்பத்தையும் துரை முன்னாடி போட்டேன். இஞ்சினியரிங்க ஒரே வாயில தின்னுட்டான். வக்கீல் படிப்ப மென்னு துப்பிட்டான். இந்தக் காலேஜு விண்ணப்பத்த மட்டும் மோந்து பாத்துட்டு, நக்கி வெச்சுட்டான். அதான் வந்தேன்."

"அண்ணே, எல்லாத்துலயும் ஜெயிச்சது காளைதான?"

"அதென்னங்க அம்மிணி, காளை வேற நான் வேறயா?"

அப்போது கதவு திறந்தது. அதிகாரி அவனுடைய ஃபைலோடு வெளியே வந்தார்.

"செங்கோட்டுவேல் யாருப்பா? இதுல பன்னெண்டு சான்றிதழ் இருக்கு. பதினொண்ணுல பேரு துரைன்னு போட்டிருக்கு. நிறம் மயிலை, வயசு ஆறு பல்லு, நெத்தியில ஒத்தச் சுழி. உன் பேருல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துல 'கலந்துகொண்டார்'."

செங்கோட்டுவேலின் முகம் தொங்கிப்போனது. "எங்க பக்கம் காளை பரிசு வாங்குனா அது எங்களுக்குத்தானுங்களே" என்றான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாகிவிட்டது.

"விதிப்படி, சான்றிதழ்ல யாரு பேரு இருக்கோ அவங்களத்தான் சேக்க முடியும்" என்றார் அதிகாரி.

அவன் மூக்கை உறிஞ்சினான், சட்டையை இழுத்துவிட்டான், நிமிர்ந்தான்.

"அப்ப துரையவே சேத்துக்கோங்க சார். ஹாஸ்டல்ல அவனுக்குத் துணைக்கு நான் இருந்துக்கறேன்."