முட்டிக்குள் இருந்த முதலாளி உப்பு

கடலோரத்து உப்பளம் ஒன்றில் மூன்றே பேர் கொண்ட தொழிலாளர் சங்கம் இருந்தது. தீர்மானம் போடாமல் மூவரும் தும்மக்கூட மாட்டார்கள். தலைவர் தவசிமுத்து முப்பது வருடத்தில் பார்க்காத மறியல் இல்லை. ஆனால் முதலாளியின் உப்பில் ஒரு கல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்த நல்ல பேர்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து.

கொஞ்ச நாளாக அவர் உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் கறகறவென்று சத்தம். மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேரு கிரெபிட்டஸ். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தை. படபடன்னு வெடிக்கிற சத்தம்னு அர்த்தம். சூடான சட்டியில உப்பைப் போட்டா வெடிக்குமே, அது மாதிரி. வலி இல்லேன்னா பயப்படாதீங்க."

வெளியே வந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம் கூடியது.

"கேட்டியளா அண்ணாச்சி? முட்டிக்குள்ள உப்பாம்," என்றான் செயலாளர் சூசை.

"யாரு உப்புலே?"

"முப்பது வருசமா யாரு அளத்துல நிக்கியளோ, அவரு உப்புதான்."

தவசிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. "அப்போ தெனமும் முதலாளி உப்போடயா கேட்டைத் தாண்டியிருக்கேன்?"

"நீங்க திருடல அண்ணாச்சி. முட்டிதான் திருடியிருக்கு," என்று ஆறுதல் சொன்னான் துணைத்தலைவர் எசக்கி.

"முட்டி யாரோடதுலே?"

எசக்கி குனிந்து தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் வேலை முடிந்ததும் தலைவர் மற்ற இருவரோடும் நேரே கேட்டுக்குப் போனார். காவலாளி மந்திரத்தின் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டி, உட்கார்ந்து எழுந்தார். கறகற.

மந்திரம் முட்டியில் காதை வைத்துக் கேட்டான். "உப்புதான். சீட்டு இல்லாம ஒரு கல்லு வெளிய போவக்கூடாது. மூட்டையா, வாய் தைச்சு, லாரியிலதான் போவணும்."

"முட்டியை மட்டும் இங்க வச்சிட்டுப் போனா?" என்றான் சூசை.

"நாளைக்கு வேலைக்கு எதுல நடந்து வருவாரு?"

தலைவரை மூட்டையாக அனுப்பும் தீர்மானத்தைத் தலைவரே முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. பெரிய சங்கங்களில் இந்த ஒற்றுமை கிடையாது.

சாக்குக்குள் இறக்கி, கழுத்துவரை தைத்தார்கள். தலைக்குள் எதுவும் இல்லை என்று மந்திரம் தட்டிப் பார்த்துச் சொன்னதால், அதை மட்டும் வெளியே விட்டார்கள். எடை போட்டு, 'உப்பு, ஐம்பத்தெட்டு கிலோ' என்று சீட்டு எழுதி, லாரியில் ஏற்றினார்கள்.

லாரி உறுமியது. "நிறுத்துங்கலே!" என்று கத்தினார் தலைவர். சாக்கின் மேல் அச்சடித்திருந்ததை அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார்: அயோடின் கலந்த உப்பு.

"நம்மகிட்ட ஏதுலே அயோடின்? திருடன்னு பேரு வராம இருக்க, கலப்படக்காரன்னு பேரு வாங்கணுமா?"

எசக்கி ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து டிஞ்சர் அயோடினை எடுத்துவந்தான். தையலைக் கொஞ்சம் பிரித்து, கையை உள்ளே விட்டு, முட்டியில் தாராளமாகத் தடவினான்.

"இப்போ சரியா அண்ணாச்சி?"

"அடுத்த முட்டிக்கும் போடுலே," என்றார் தலைவர். "ருசி ஒண்ணுபோல இருக்கணும்."