காலை மட்டும் பழகிய கரடி

மருதாயி என்ற கரடி தன் இரண்டு குட்டிகளோடு ஒரு குளத்தங்கரையில் வாழ்ந்து வந்தது. அந்தக் கரையில் ஒரே ஓர் இலுப்பை மரம் நின்றது. கோடையில் காடே காய்ந்து கிடக்கும்போது அந்த மரத்துப் பூதான் மூன்று வயிற்றுக்கும் சோறு.

ஒருநாள் தடியன் என்ற ஆண் கரடி அங்கே வந்தது. மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "இனி இது என் மரம்!" என்றது.

"இது நியாயமா? என் குட்டிகள் எதைத் தின்னும்?" என்று கேட்டது மருதாயி.

"காட்டுச் சட்டம் தெரியாதா? ஒரு மரத்துக்கு இரண்டு பேர் வந்தால் குத்துச்சண்டை! நகமும் பல்லும் படக் கூடாது. மண்ணில் முதுகு பட்டவர் மரத்தை விட்டுப் போய்விட வேண்டும். பூ உதிரத் தொடங்கும் நாளில் மோதிப் பார்ப்போமா?"

மருதாயி பிறந்ததிலிருந்து யாரையும் ஒரு குத்து விட்டதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "வருகிறேன், போ!" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தது.

நேராகத் துடுக்கன் என்ற முயலிடம் ஓடியது. பின்னங்காலில் நின்று குத்துவிட்டு விளையாடுவது முயல்களுக்குப் பரம்பரை வழக்கம். அவற்றிலும் துடுக்கனை இதுவரை யாரும் சாய்த்ததில்லை.

"தம்பி, எனக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடு!"

"எங்கே, கையை மூடிக் காட்டுங்கள் அக்கா."

மருதாயி கட்டைவிரலை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை பிடிப்பது போல் கையை மூடியது.

"ஐயையோ! இப்படிக் குத்தினால் உங்கள் விரல்தான் உடையும். கட்டைவிரல் வெளியே இருக்கட்டும்! மற்றதெல்லாம் பிறகு. இப்போதைக்குக் காலை மட்டும் பழகுங்கள். நான் அக்கரைக்குப் போய்ப் பத்து நாள் அறுகம்புல் மேய்ந்துவிட்டு வருகிறேன்!" என்று சொல்லிவிட்டு முயல் தாவிப் போய்விட்டது.

மருதாயிக்கு ஒரே மகிழ்ச்சி. 'காலை மட்டும்தானா! அப்படியானால் மதியம் தூங்கலாம்' என்று நினைத்தது. ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்கவில்லை.

பொழுது விடிந்தால் போதும், பக்கத்தில் இருந்த புளியமரத்தைப் படார் படாரென்று குத்தும். வெயில் ஏறியதும் புதரில் படுத்துக் குறட்டை விடும். ஒரு காலையைக்கூடத் தவறவிடவில்லை. பாவம், சொன்ன சொல் தட்டாத மாணவி!

முயல் திரும்பி வந்தபோது மருதாயியின் கைகள் இரண்டும் பலாக்காயாக வீங்கியிருந்தன.

"என்ன அக்கா இது?"

"நீ சொன்னபடிதான் தம்பி! காலை மட்டும் பழகினேன். மதியம் ஒரு குத்துகூட விடவில்லை!"

துடுக்கன் தலையில் அடித்துக்கொண்டது. "நான் சொன்னது இந்தக் காலை!" என்று தன் பின்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது.

மருதாயிக்கு அழுகையே வந்துவிட்டது. "மரத்தில் மொட்டு வைத்துவிட்டதே! கையை மூடக்கூட முடியவில்லையே! என் பிள்ளைகள் பட்டினிதானா?"

"கை ஓய்வு எடுக்கட்டும். கால் நன்றாகத்தானே இருக்கிறது? எழுந்திருங்கள்!" என்றது முயல். "ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள். எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும். இரண்டும் பின்னிக்கொண்டால் போச்சு!"

மருதாயி நகர்ந்தது. கால் பின்னிப் பொத்தென்று விழுந்தது. எழுந்து நகர்ந்து மறுபடியும் விழுந்தது. அதைப் பார்த்துக் குட்டிகள் உருண்டு புரண்டு சிரித்தன. வெட்கம் பார்த்தால் வயிறு நிறையுமா? மருதாயி பொழுது பார்க்காமல் பழகியது. போகப் போக அந்தப் பெரிய உடம்பு மணலில் சத்தமில்லாமல் நகரத் தொடங்கியது. குட்டிகளும் சிரிப்பதை நிறுத்திவிட்டன.

முதல் பூ உதிர்ந்தது. காடே மரத்தடியில் கூடிவிட்டது.

"ஒரே குத்தில் முடித்துவிடுவேன்!" என்று உறுமியபடி தடியன் கையை வீசியது. மருதாயி அங்கே இல்லை. மறுபடியும் வீசியது. காற்றுக்குத்தான் அடி விழுந்தது.

"ஓடாதே! நின்று சண்டை போடு!"

"நின்றுகொண்டுதான் இருக்கிறேன். நீ குத்துகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்!" என்றது மருதாயி.

தடியனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மூச்சிரைக்கப் பாய்ந்து வந்தபோது அதன் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மருதாயி ஓர் அடி விலகியது. பின்னங்காலை மண்ணில் ஊன்றி, நெஞ்சுக்கு நேராக ஒரே ஒரு குத்து விட்டது. தடியன் மல்லாந்து விழுந்தது!

"உன் கையில் இவ்வளவு பலமா?" என்று முனகியபடி எழுந்து உட்கார்ந்தது தடியன்.

"கையா? அது இன்னும் வலிக்கிறது! குத்தியது என் கால்!" என்றது மருதாயி. அதற்குள் குட்டிகள் இரண்டும் வாய் நிறைய இலுப்பைப் பூவை அடைத்துக்கொண்டிருந்தன.

எதைக் கற்கத் தொடங்கினாலும், ஊன்றி நிற்கப் பழகியவருக்கே ஓங்கி அடிக்கும் வலிமை வரும்.