எட்டுச் செம்புச் சட்டம்

முன்னொரு காலத்தில், தாகம் எடுத்தவனும் எடுக்காதவனும் ஒரே அளவு தண்ணீர் குடித்த அரண்மனை ஒன்று இருந்தது. ஒரு கோடையில் மன்னர் செங்கழுநீர்வர்மர் சபையிலேயே மயங்கி விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்றார் வைத்தியர். தனக்கு வந்த வியாதி கூட இருப்பவர்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறவர் மன்னர். அரண்மனையில் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் தினம் எட்டுச் செம்புத் தண்ணீர் போக வேண்டும், தவறினால் ஓராண்டு உப்பளத்தில் வேலை என்று ஆணையிட்டார்.

ஆணையை நடத்தும் பொறுப்பு அமைச்சர் ஆராவமுதருக்கு. ஒரு செம்பு குடித்தால் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். ஆட்சிதான் நடக்கவில்லை. வழக்காளி வாயைத் திறந்தால் நீதிபதி கொல்லைப்புறம் ஓடுவார். அவர் திரும்பினால் வழக்காளி ஓடியிருப்பான்.

விகடகவி சிவந்தியப்பனுக்கு வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்காது. அவன் பாட்டுக்கு வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு, தர்பூசணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தான். மன்னரைச் சிரிக்க வைக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவனைப் பிடிக்காத ஆராவமுதர், அவனைச் சபை நடுவே நிறுத்தினார்.

"வேந்தே, இவன் நெற்றியைப் பாருங்கள். துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது."

சிவந்தியப்பனுக்கு உப்பளம் கண்ணெதிரே வெள்ளைவெளேர் என்று தெரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உடம்புக்குள் போக வேண்டும் என்பதுதானே ஆணை, மன்னா? எனக்குப் போய்விட்டது. நான் தின்றுவிட்டேன்."

"தண்ணீரைத் தின்றானாம். எங்கே, எட்டுச் செம்பையும் எடுத்துக் காட்டட்டும். ஒரு சொட்டுக் குறைந்தாலும் உப்பளம்" என்றார் ஆராவமுதர். மன்னரும் தலையசைத்தார்.

சிவந்தியப்பன் ஒரு நாளில் தான் தின்னும் தர்பூசணி, வெள்ளரி, சுரைக்காய் அத்தனையையும் ஓர் அண்டாவில் போட்டுத் தராசில் ஏற்றினான். மறுதட்டில் எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, கல்லை யாரும் அசைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் மெல்லிசாக நறுக்கி, வற்றல் போடுவதுபோல் மொட்டைமாடியில் பரப்பினான். ஒரு துண்டை ஒளித்துவிட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது, தன்னைக் கொஞ்சமும் நம்பாத ஒருவர் காவல் இருந்தால் நல்லது என்றான்.

அந்தத் தகுதியில் ஆராவமுதரை மிஞ்ச ஆளில்லை. நாலு நாள் குடை பிடித்து உட்கார்ந்தார். எழுந்து போக வேண்டி வருமே என்று பகலெல்லாம் தண்ணீரைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் இரண்டு கை வற்றல் மிஞ்சியது. அண்டாவில் போட்டதும் தட்டு விர்ரென்று மேலே போனது.

"மீதி எங்கே, அமைச்சரே? காக்கை தூக்கிவிட்டதா?" என்றான் சிவந்தியப்பன்.

"என் காவலில் காக்கையா? ஒரு துண்டு குறையவில்லை" என்றார், ஒட்டிக்கொண்ட நாக்கைப் பிரித்து.

"அப்படியானால் போனது தண்ணீர்தான்."

சிவந்தியப்பன் அண்டாவில் செம்பு செம்பாக ஊற்றினான். எட்டு ஊற்றியும் தட்டு இறங்கவில்லை. இன்னும் அரைச் செம்பு ஊற்றிய பிறகுதான் முள் நடுவில் நின்றது.

மன்னர் அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார். கண் குழிந்து, உதடு வெடித்து, நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லாமல் நின்றார் ஆராவமுதர். சிவந்தியப்பன் மடியிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"தின்னுங்கள் ஐயா. சட்டத்துக்கு உட்பட்டதுதான்."

சபையே பார்த்திருக்க, அமைச்சர் கடித்த சத்தம் கடைசித் தூண்வரை கேட்டது.

மன்னருக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்திருக்கக் கூடாது, உள்ளே ஏழு செம்பு இருந்தது. சிரித்தபடியே அரியணையைவிட்டு எழுந்து ஓடினார். எட்டுச் செம்புச் சட்டம் ரத்து, சிவந்தியப்பனுக்கு ஆற்றங்கரை வெள்ளரித் தோட்டம் பரிசு என்ற இரண்டு அறிவிப்புகளும் கொல்லைப்புறக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தன.