நாற்பத்தாறு வீட்டுப் பால்

கணவாய்ப்பட்டி மடத்தின் தலைவி மங்கையற்கரசிக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் பொன்னம்பலத்துக்கு ஐம்பத்தெட்டு. சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'செக்ரட்டரி' என்பார். ஊர்ப் பால் சொசைட்டிக்குச் செயலாளர் அவர்தான்.

தொற்று பரவிய ஆண்டு அது. ஊரில் மூன்று பேர் காய்ச்சலில் விழுந்ததும் சாலையை அடைத்தார்கள். மூவரும் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் சாலை திறக்கவில்லை. எட்டு நாட்களாகப் பால் லாரி வரவில்லை. நாற்பத்தாறு வீட்டுப் பாலும் இருவேளையும் ஓடையில் போனது. வெள்ளையாக ஓடும் ஓடையைப் பார்க்க மனமில்லாமல் பெண்கள் வேறு வழியாகச் சுற்றி நடந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பொன்னம்பலம் ஒரு கேன் பாலோடு மடத்துக்கு வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"ஓடையில ஊத்துறதுக்கு இங்க ஊத்துறேன். பாயசமாவது வைங்கம்மா."

"முதல்ல மூக்கை மூடுங்க, செக்ரட்டரி."

மூடிக்கொண்டார். தள்ளி உட்கார்ந்தார்.

"ஒரு கேள்விம்மா. ஊரைத் திறக்கணுமா, வேணாமா?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"திறக்கணும். இன்னும் நாலு நாள்ல பால் ஏத்தலைன்னா இந்த ரூட்டையே எடுத்துடுவாங்களாம். அப்புறம் மாட்டையெல்லாம் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்."

"வேணாங்கிறது யாரு?"

"மிலிட்டரி சூசைராஜ். முள்ளை வெட்டிச் சாலையில போட்டுட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காரு. நாம எல்லாரும் எதிரி நாட்டுக்காரங்க மாதிரி."

"நர்ஸம்மா வந்தாங்களே?"

"எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணுமாம். நோய் இருக்கிற வீட்டை மட்டும் அடைச்சுட்டு மத்தவங்களுக்குச் சாலையைத் திறந்துடலாமாம். நான் வேணான்னுட்டேன்."

"ஏன்?"

"தேடிப் போனா ஏதாவது அகப்படும்மா. ஒருத்தருக்கு இருக்குன்னு வந்தாப் போதும், லாரிக்காரன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்."

"சூசைராஜ் டெஸ்டுக்குச் சரின்னாரா?"

"அவரும் வேணாங்கறாரு. யாருக்கும் இல்லைன்னு வந்துட்டா சாலையைத் திறந்துடுவாங்களே!"

குரு சிரித்தார்.

"மைக் வெச்சுச் சண்டை போட்டீங்களே, ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துமையா இருப்பீங்கன்னு தெரியாமப் போச்சு."

பொன்னம்பலம் சிரிக்கவில்லை. "எடுக்கணும்னாலும் முடியாதும்மா. நர்ஸம்மாகிட்ட சளி எடுத்துப் போடுற குப்பி அறுபதுதான் இருக்கு. ஊர்ல இருநூத்திப் பதினோரு பேர். யாருக்கு எடுக்கிறது, யாரை விடுறது? அது ஒரு தனிச் சண்டை."

குரு உள்ளே போய் ஒரு பெரிய பாத்திரம் கொண்டுவந்து வைத்தார். பொன்னம்பலம் கேனைச் சாய்க்கப் போனார்.

"நில்லுங்க. டிகிரி பார்த்தீங்களா?"

"என்னம்மா?"

"கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்ப்பீங்களே, தண்ணி கலந்திருக்கான்னு. அது."

"என் பாலுக்கா?" அவர் முகம் சிவந்தது. "இருபத்தொரு வருஷமா சொசைட்டியில உட்கார்ந்திருக்கேன். என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"மாரியாயி தினமும் ரெண்டு வேளை உங்க முன்னாடி பால் ஊத்துறா. டிகிரி பார்க்காம வாங்குவீங்களா?"

"அது வழக்கம்மா. எல்லாருக்கும் பார்க்கிறதுதான். அதுல கோவிச்சுக்க என்ன இருக்கு?"

குரு பாத்திரத்தில் விழுந்த வேப்பிலை ஒன்றை எடுத்துப் போட்டார்.

பிறகு கேட்டார். "என்னைக்காவது கேன் பால் முறிஞ்சிருக்கா?"

"முறியும். வெயில் காலத்துல லாரிக்காரன் திருப்பி அனுப்பிடுவான்."

"அப்ப இனிமே யாரும் ஊத்த வேணாம்னு சொசைட்டியைப் பூட்டிடுவீங்க."

"அதெப்படி? ஒரு வீட்டுப் பாலுக்காக ஊரையே நிறுத்த முடியுமா?"

"இல்லைன்னா, யாருதுன்னு பார்க்காம அதே கேனை மறுபடி ஏத்தி விடுவீங்க."

"என்னம்மா நீங்க! வீட்டுக்கு ஒரு குப்பியில மாதிரிப் பால் எடுத்து வெச்சிருப்போம். ஒவ்வொண்ணாக் கரண்டியில ஊத்திக் காய்ச்சினா, எந்த வீட்டுதுன்னு தெரிஞ்சிடும். வீட்டுல நாலு மாடு இருந்தா நாலு மாட்டுப் பாலும் அந்தக் குப்பியிலதான் இருக்கும். எந்த மாடுங்கிறதை அப்புறம் அந்த வீட்டுல போய்…"

நிறுத்தினார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"வீட்டுக்கு ஒரு குப்பி," என்றார். "நாற்பத்தாறு வீடு. குப்பி அறுபது."

குரு பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னம்பலம் எழுந்து ஓடினார். கேன் அங்கேயே நின்றது.

முள்வேலியருகே நர்ஸ் கிருபா நின்று அவர் சொன்னதைக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, ஆய்வகத்துக்குப் போன் செய்தார்.

"மூக்குல விடுற குச்சி ஆளுக்கு ஒண்ணு. அது நிறைய இருக்கு. ஒரு வீட்டுக் குச்சியெல்லாம் ஒரே குப்பியில போடலாம்கிறாங்க. எந்தக் குப்பியில இருக்குன்னு வருதோ, அந்த வீட்டுல மட்டும் ஆளுக்கு ஒண்ணா மறுபடி எடுக்கலாம்."

சூசைராஜ் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"யோவ் செக்ரட்டரி, நேத்து வரைக்கும் டெஸ்ட் வேணாம்னு மைக்ல கத்தினது யாரு?"

"நான்தான்."

"இன்னைக்கு வேணும்னு கத்துறது?"

"அதுவும் நான்தான். முதல் குப்பி என் வீட்டுது."

அவரே முதலில் உட்கார்ந்தார். குச்சி மூக்குக்குள் போனதும் கண்ணில் நீர் வந்தது. தும்மலை அடக்க முடியாமல் துள்ளினார்.

"இருபத்தொரு வருஷமா என் பாலுக்குள்ள குழாயை விட்டு ஆட்டினாரு," என்றாள் மாரியாயி. "இன்னைக்கு அவரு மூக்குக்குள்ள ஆட்டுறாங்க. தள்ளுங்கடி, நான் கிட்டப் போய்ப் பார்க்கணும்!"

ஊர் சிரித்தது. பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அவளே இரண்டாவதாக உட்கார்ந்தாள். பிறகு வரிசை நீண்டது.

மாலையில் நாற்பத்தைந்து குப்பிகள் நிறைந்தன.

"என் வீட்டுல நான் ஒருத்தன்தான்," என்றார் சூசைராஜ், நாற்காலியில் இருந்தபடியே.

"அப்ப உங்களுக்குத் தனிக் குப்பி சார். ஆபீசர் மரியாதை," என்றார் கிருபா.

சூசைராஜ் மீசையைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. நாற்பத்து நான்கு வீடுகளில் இல்லை. இரண்டில் இருந்தது. ஒன்று தையல்காரர் வீடு. இன்னொன்று பொன்னம்பலம் வீடு.

அந்த இரண்டு வீட்டிலும் ஒன்பது பேர். ஒன்பது குப்பிகளில் அன்றே மறுபடி எடுத்தார்கள்; இம்முறை மாலையே முடிவு வந்தது. தையல்காரர் வீட்டில் அவருக்கு மட்டும் இருந்தது; பொன்னம்பலத்தின் வீட்டிலும் அவர் ஒருவருக்குத்தான். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. சொசைட்டிக்கு எதிரே, சாலையைப் பார்த்த அறையில் தனியாக இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் சூசைராஜ் தன் கையாலேயே முள்ளை இழுத்து ஓரத்தில் போட்டார். சொசைட்டி நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார். கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"செக்ரட்டரி! இதுல எந்தப் பக்கம் கீழே?"

"குண்டுப் பக்கம்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"எத்தனைக்குக் குறைஞ்சா தண்ணி?"

"இருபத்தெட்டு!"

"மாரியாயி பால் முப்பது!"

"எழுதிக்கய்யா, அழிச்சிடாத!" என்றாள் மாரியாயி.

ஏழரை மணிக்கு வளைவில் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். யாரோ விசிலடித்தார்கள். நாற்பத்து நான்கு வீட்டுப் பாலும் கேன் கேனாக லாரியில் ஏறியது. கடைசிக் கேன் ஏறியதும் சூசைராஜ் ஜன்னலைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

பொன்னம்பலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைதட்டத் தோன்றியது. தட்டினார். தெரு முழுவதும் அவரோடு சேர்ந்து தட்டியது. அன்று ஓடை தெளிந்து ஓடியது.

நர்ஸம்மா சொன்ன நாள் வரை அவர் வெளியே வரவில்லை. தையல்காரரும் தேறிவிட்டார். அடைப்பு முடிந்த காலையில் பொன்னம்பலம் குளித்து, மூக்கை மூடி, மடத்துக்கு வந்தார். வாசலில் அவருடைய கேன் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அந்தப் பாலை என்னம்மா செஞ்சீங்க?"

"காய்ச்சிப் பார்த்தேன். நல்ல பால்."

அவர் குனிந்து கேனைத் தட்டிப் பார்த்தார்.

"திறக்கச் சொன்னவன் நான். ஊர் திறந்துச்சு, நான் உள்ள இருந்தேன். அடைக்கச் சொன்னவர் வேலியை எடுத்துட்டு என் நாற்காலியில உட்கார்ந்தாரு. கடைசியில ஜெயிச்சது யாரும்மா? நானா, அவரா?"

குரு கேனை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தார்.

"லாரி எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

"மணி ஏழு, செக்ரட்டரி."