சிவப்பில் எழுதிய வரி

சவரிராயனுக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று அது தலைக்கேறியிருந்தது. தன் குரு ரெஜினாவின் அறைக் கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் போய் மோதியது. பின்னால் வந்த பொன்ராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டீச்சர், இவனை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்புங்க. இல்லன்னா நான் போறேன்."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தார். சவரியைவிட வயதில் இளையவர். ஆனால் சவரிக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"உக்காருங்கண்ணே. உங்க மச்சானுக்கு எப்படி இருக்கு?"

"கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். படகு ரெண்டா போச்சு. பேரலை வரும்னு என் புரோகிராம் நேத்தே எழுதிட்டுது. ஒருத்தன் போனுக்கும் போகலை!"

அந்த அலுவலகத்தின் வேலையே அதுதான். கடல் நிலவரத்தைச் சவரியின் நிரல் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதும். பொன்ராஜின் நிரல் அதைப் படித்து மீனவர்களின் போனுக்கு அனுப்பும்.

"இவன்கிட்ட எத்தனை தடவை கத்தியிருப்பேன்! ஒரு வார்த்தையாவது காதுல ஏறுதா? எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கான்."

"ஃபைலைத் திறங்க."

சவரி திறந்தார். 'எச்சரிக்கை: கடலுக்குப் போகாதீர்கள்' என்ற வரி திரையில் ரத்தச் சிவப்பாக நின்றது.

"பாத்தீங்களா? இதைக்கூடவா ஒருத்தன் கோட்டை விடுவான்?"

மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் கட்டளையை ரெஜினா தட்டினார். சிவப்பு மறைந்தது. வரியின் தலைமாட்டில் ^[[31m என்று ஏதோ முளைத்திருந்தது.

"என்ன குப்பை இது? இவன் போட்டதா?"

"சிவப்பு நிறத்துக்கான குறி. திரையில விழுந்தா நிறம், ஃபைல்ல விழுந்தா வெறும் எழுத்து. 'நிலவரம்'னோ 'எச்சரிக்கை'ன்னோ தொடங்குற வரியைத்தான் பொன்ராஜ் புரோகிராம் அனுப்பும். இந்த வரி அப்படித் தொடங்கலை."

எச்சரிக்கை வந்தும் அலுவலகத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று போன வாரம் ஆத்திரத்தோடு அந்தச் சிவப்பைச் சேர்த்தவர் சவரியேதான்.

கோபம் போய்விடவில்லை. திரும்பி அவர் மேலேயே விழுந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"மச்சான் கையை நான்தானே ஒடிச்சிருக்கேன்!"

சவரி அந்தக் குறியைத் தன் நிரலிலிருந்து அழித்தார்.

"ஒண்ணு கேக்கேன் டீச்சர். 'நிலவரம்: கடல் அமைதி'ன்னு சும்மா எழுதின வரியெல்லாம் ஒழுங்கா போய்ச் சேந்திருக்கு. உயிரைக் காக்க வேண்டிய வரி மட்டும் ஏன் போய்ச் சேரலை?"

வாசலில் தலைகுனிந்து நின்ற பொன்ராஜைப் பார்த்துவிட்டு ரெஜினா சொன்னார்.

"அதை மட்டும்தானேண்ணே நீங்க கத்தி எழுதினீங்க."