தண்ணீரை டீயாக்கியவர்கள்

அந்த மடத்தில் குருவைவிடச் சிஷ்யருக்கு வயது அதிகம். கோபமும் அதிகம். பெயர் தெய்வசிகாமணி. மனைவி வேதவல்லி காலமான பிறகு மடத்தில் வந்து சேர்ந்தவர்.

அன்று வந்ததும் வராததுமாகச் செல்போனை நீட்டினார்.

"பாருங்கம்மா இந்த அநியாயத்தை. நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டு வாசல்ல கட்டியிருக்காங்க."

குரு நாச்சியம்மை வாங்கிப் பார்த்தார். யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர். படத்துக்குக் கீழே நான்கு வரி.

நீ ஊற்றிவைத்த டீயை
இன்னும் நான் குடிக்கவில்லை.
குடித்துவிட்டால்
நீ போய்விடுவாய்.

ஓரத்தில், எழுதியவர் என்று பேனர் கடைக்காரரின் பெயர்.

"என் வேதவல்லிக்கு நான் எழுதினதும்மா! சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன், அவ்வளவுதான். ஊரெல்லாம் சுத்திட்டு இவன் பேர்ல வந்து நிக்குது. போதாக்குறைக்கு டீயாம் டீ! அவ ஊத்தி வெச்சது தண்ணிம்மா, தண்ணி!"

"என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"பேனரைக் கழட்டச் சொல்லப் போறேன். என் பாட்டு எனக்குச் சொந்தமா இல்லையா?"

"வாங்க, போவோம்" என்றார் குரு.

அந்த வீட்டு வாசலில் குரு நின்றுகொண்டார். தெய்வசிகாமணி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனார். இறந்தவரின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க்.

"வாசல் பேனர்ல இருக்கிற வரி..." என்று ஆரம்பித்தார் தெய்வசிகாமணி.

"நான்தாங்க போடச் சொன்னேன். வாட்ஸப்புல வந்துச்சு. தண்ணின்னு இருந்ததை நான்தான் டீன்னு மாத்தினேன். தெனமும் விடியக்காலையில எழுந்து எனக்கு டீ போட்டு, இதுல ஊத்தி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அன்னைக்கும் வெச்சாரு. இன்னும் நான் தொறக்கல."

பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைக்காரரு தன் பேரைப் போட்டுக்கிட்டாரு. நெசமா எழுதின புண்ணியவான் யாரோ. எனக்கு நடந்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலீங்க."

தெய்வசிகாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, அந்த அம்மாளோடு சேர்ந்து அழுதார்.

வெளியே வந்தபோது குரு கேட்டார். "சொன்னீங்களா?"

"வாய் வரலம்மா."

"பேனர்?"

"இருக்கட்டும்மா."

இருவரும் நடந்தார்கள். தெருமுனையில் தெய்வசிகாமணி நின்றுவிட்டார். மனது ஆறவில்லை.

"அப்போ, அந்தக் கடைக்காரனையும் விட்டுடணுமாம்மா?"

"எதுக்கு விடணும்? வாங்க, நானும் வர்றேன்" என்று குரு கடைத்தெருப் பக்கம் திரும்பினார். "பேர் போட்டுக்க, அவன் யாரைப் பறிகொடுத்தான்?"