பீங்கான் கல்வத்தின் விரிசல்

“மத்ததை எல்லாம் ரெண்டு தடவை தேய்ச்சுக் கழுவணும். ஜன்னலோரத்துல இருக்கு பாரு, அந்தக் கல்வத்துக்குத் தண்ணி காட்டினாப் போதும். அவ்வளவு சுத்தம்!”

தாவர ஆய்வகத்தைக் கூட்டும் மாரித்தாய், புதிதாக வேலைக்கு வந்தவளிடம் வாசலில் நின்று சொன்னது இது. ஜன்னலோரத்துப் பீங்கான் கல்வத்தின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அதற்குத் தரையில் கால் பாவவில்லை.

இலைகளை அரைப்பதுதான் கல்வத்தின் வேலை. முதலில் திரவ நைட்ரஜன் புகையாகச் சீறிக்கொண்டு வந்து இறங்கும். அதன் குளிரில் இலை கண்ணாடிபோல் விறைக்கும். குழவி நாலு சுற்றுச் சுற்றினால் பொடி. அந்தப் பொடியிலிருந்து டி.என்.ஏ-வைப் பிரித்தெடுத்து, இலை எந்த ரகம் என்று கண்டுபிடிப்பார்கள். “நான் யார்” என்று ஒவ்வொரு இலையும் வாய் திறக்கும் இடம் அது.

ஒருநாள் ஆய்வு மாணவி ஜெபஷீலா அவசரத்தில் நைட்ரஜனை மளமளவென்று ஊற்றினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். கல்வத்தின் அடியில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டது. அப்போது அரைபட்ட தோட்டத்து மாவிலையின் பொடியில் ஒரு சிட்டிகை அதற்குள் போய் ஒளிந்துகொண்டது.

“மதினி, உனக்கு அடிபட்டிருக்கு” என்றது குழவி.

“சத்தம் போடாதே. விரிசல் விட்டதை வச்சிருப்பாங்களா? குப்பைக்கூடைதான். சுத்தம்னு ஊரே சொல்லுது, நீ கெடுக்காதே.”

“ஊரா? மாரித்தாய் ஒருத்திதானே சொன்னா!”

விரிசலுக்குள்ளிருந்து அந்தத் தோட்டத்து மாவிலைத் துணுக்கு முனகியது. “அக்கா, என்னை வெளியே விட்டுடு. நான் ஓட்டைவாய். அடுத்தவங்க பேசும்போது சும்மா இருக்க எனக்கு வராது.”

“மூச்சு விடாதே” என்றது கல்வம்.

அடுத்த வாரம் ஐஸ் பெட்டியில் இரண்டு மாவிலைகள் வந்தன. மலைப்பாதை வளைவில் ஒற்றையாய் நிற்கும் காட்டு மாமரத்தின் இலைகள் அவை. முற்றி, பிசின் ஏறி, தோல்போலத் தடித்திருந்தன. மூத்த இலை முதலில் கல்வத்தில் இறங்கியது.

“ரோட்டை அகலப்படுத்தப் போறாங்கம்மா” என்றது அது. “நாங்க வேற எங்கேயும் இல்லாத ரகம்னு தெரிஞ்சா ரோடு வளைஞ்சு போகும். சாதா மாமரம்னு வந்தா ரம்பம் வரும். அதைச் சொல்லத்தான் கிளையை விட்டு வந்தேன். நல்லா அரைங்க. ஒரு வார்த்தை பிசகக் கூடாது.”

கல்வத்துக்குத் திக்கென்றது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது. குப்பைக்கூடை கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய இலை பேசும்போது ஒரு துணுக்கின் குரலா எடுபடப்போகிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டது.

அந்த ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. இலையே போடாமல் வெறும் கல்வத்தைக் கழுவிய நீரை ஒரு சோதனைக்குழாயில் எடுத்து அதையும் சோதிப்பார்கள்; ‘வெறும் குழாய்’ என்று அதற்குப் பெயர். அதில் ஏதாவது தெரிந்தால் கல்வத்தில் அழுக்கு என்று அர்த்தம். ஜெபஷீலா மற்றக் கல்வங்களுக்கெல்லாம் வெறும் குழாய் வைத்தாள். ஜன்னலோரத்துக் கல்வத்துக்கு வைக்கவில்லை. மாரித்தாயின் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஆய்வகத் தலைவர் டாக்டர் நல்லபெருமாள் கணினித் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“தோட்டத்து மா. அச்சு அசல் அதேதான்.”

ஜெபஷீலாவுக்கு முகம் வெளிறிப்போனது. “சார், அந்த இலையோட வாசனையே வேற சார்.”

“மூக்கை நம்பியா ரிப்போர்ட் குடுக்க முடியும்? வெட்டுறதுக்கு ஆள் வந்து நிக்குதாம், காலையில இருந்து மூணு போன். சாதா மரம்னு லெட்டர் டைப் பண்ணியாச்சு.” அவர் பேனாவை எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். “சரிம்மா, இன்னொரு இலை இருக்குல்ல? அதையும் அரைச்சுப் பாரு. அதே வந்தா கையெழுத்துப் போட்டுடறேன்.”

கல்வம் உறைந்துபோனது. பிசினில் சிக்கி மூத்த இலையின் குரல் வெளியே வரவே இல்லை. ஒரு சிட்டிகைத் துணுக்கு அந்த இலையின் பெயரில் பேசி முடித்திருந்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்று துணுக்கு அழுதது.

ஜெபஷீலா அலமாரி முன் வந்து நின்றாள். ஜன்னல் வரை வரிசையாக இருந்த ஆறு கல்வங்களையும் பார்த்தாள். “இந்தத் தடவை தப்பே வரக்கூடாது” என்று முணுமுணுத்தபடி, இருப்பதிலேயே சுத்தமானது என்று நம்பி, ஜன்னலோரத்துக் கல்வத்தைத்தான் எடுத்தாள்.

ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து இளைய இலை எட்டிப் பார்த்தது.

“அம்மா, முந்தாநாள் எங்க அண்ணன் வந்தானே. நல்லாப் பேசினானா?”

கல்வம் குப்பைக்கூடையை ஒருமுறை பார்த்தது.

இலையைப் போடுவதற்கு முன் கல்வத்தைக் குளிரவைக்க வேண்டும். நைட்ரஜன் புகைந்தபடி குனிந்தது.

“விரிசலை இறுக்கிப் பிடிச்சுக்கோ, மதினி. நான் மெல்லத்தான் இறங்குவேன். இத்தனை நாள் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தே, ஒண்ணும் ஆகாது.”

“இல்லே” என்றது கல்வம். “வேகமா இறங்கு.”

நைட்ரஜன் இறங்கியது. கல்வம் பிடியை விட்டது.

‘டமார்’ என்ற சத்தம் கேட்டு மாரித்தாய் விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். “ஐயையோ! எல்லாத்தையும் விட்டுட்டு இதுவா உடையணும்?”

மேசையில் கல்வம் இரண்டு பாதியாகக் கிடந்தது. புகை அடங்கியது. ஜெபஷீலா குனிந்தாள். வெள்ளைப் பீங்கானின் உடைந்த ஓரம் நெடுகப் பச்சையாக ஒரு கோடு ஓடியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இளைய இலை இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.

“நான் கூட்டி அள்ளிடறேன், நீ தள்ளிக்க பாப்பா” என்றாள் மாரித்தாய்.

“தொடாதீங்க அக்கா.”

ஜெபஷீலா இரண்டு பாதிகளையும் கையில் ஏந்திக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள்.

“சார், இதுக்கு நான் வெறும் குழாய் வைக்கலை” என்றாள்.

பிறகு, மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்தின் மேல் அவற்றை வைத்தாள்.